குல்மார்க்கில் ஸ்கீ வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

காஷ்மீரில் குல்மார்க்குக்கு ஏறும் வழியில் உள்ள தங்மார்க்கில் ஆரம்பிக்கும் ரப்பர் பூட்ஸ், கோட்டு, டயருக்குச் சங்கிலி கட்டிய வண்டி வசூலைப் பற்றி எழுத வரவில்லை. அதெல்லாம் பேரம் பேசிச் சமாளிக்கலாம். இது பனியில் சறுக்க காலில் மாட்டும் பலகையான ஸ்கீயின் வாடகை பற்றியது.

கொண்டோலா என்கிற கேபிள் கார் நிலையத்துக்கு நடக்கும் வழியில் ஒருவர் என்னையும் தம்பியையும் மடக்கினார். ஸ்கீ, பூட்ஸ், பயிற்சியாளர் எல்லாம் சேர்த்து ஒரே தொகை, பாதி முன்பணம் என்றார். கடை என்று காட்டியது ஒரு தகரக் கொட்டகை. கால் அளவு கேட்டார்கள். எடை கேட்கவில்லை.

ஸ்கீ தெரிந்தவர்களுக்கு இப்போதே வயிற்றைக் கலக்கியிருக்கும். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைப்பது பைண்டிங். அதில் டின் என்று ஒரு எண் உண்டு. கீழே விழும்போது எவ்வளவு விசைக்கு பூட்ஸ் கழன்றுகொள்ள வேண்டும் என்பதற்கான அளவு அது. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், ஓட்டுகிறவரின் திறமை எல்லாம் பார்த்து ஸ்க்ரூடிரைவரால் திருப்பி வைப்பார்கள். சில நிமிட வேலைதான். எனக்கு அதைச் செய்யவே இல்லை. முன்பு ஓட்டிய யாருக்கோ வைத்த அளவிலேயே கொடுத்துவிட்டார்கள்.

ஆரம்பநிலைச் சரிவில்தான் விழுந்தேன், வேகம்கூட இல்லை. இரவு பெய்திருந்த புதுப் பனிக்குள் ஸ்கீயின் முனை புதைந்து நின்றுவிட்டது. உடம்பு திரும்பியது, ஸ்கீ திரும்பவில்லை, பைண்டிங்கும் விடவில்லை. ஸ்ரீநகரில் ஸ்கேன் எடுத்தபோது முழங்காலின் உள்பக்க லிகமென்ட் பாதி கிழிந்திருந்தது. பயிற்சியாளர் எங்கே என்கிறீர்களா? வேறு ஒரு குடும்பத்துக்கு ஸ்கீ மாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கீழே கொண்டுவந்த ஸ்லெட்ஜுக்கு, அதாவது பனியில் இழுக்கும் சறுக்கு வண்டிக்கு, தனிக் காசு.

தம்பி எடுத்தது ஸ்னோபோர்டு, இரண்டு காலையும் ஒரே பலகையில் முன்பின்னாக மாட்டுவது. எந்தக் கால் முன்னால் என்றுகூடக் கேட்காமல் மாட்டிவிட்டார்கள். பாதி வழியில் பின்கால் பைண்டிங்கின் திருகு ஆடத் தொடங்கியது. திருப்பிக் கொடுக்கும்போது போர்டின் அடியில் இருந்த பழைய கீறலுக்கு எங்களிடம் பணம் கேட்டார்கள். அதற்குத்தான் எனக்கு முழங்காலைவிட அதிகமாக வலித்தது.

இதற்கும் முன்னால், முதல் நாளே எங்களை அஃபர்வத் மலையில் கொண்டோலா போய் நிற்கும், கிட்டத்தட்ட 3,950 மீட்டர் உயரத்துக்குக் கூட்டிப்போய் பவுடரில், அதாவது மிதிபடாத புதுப் பனியில், இறக்கிக் காட்டுகிறேன் என்று எங்களை மடக்கிய அதே ஆள் ஆசை காட்டியிருந்தார். பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவியான பீக்கன், பனிக்குள் குத்தித் தேடும் கம்பியான ப்ரோப், பனி அள்ளும் ஷவல் எதுவும் அவரிடம் இல்லை. கேட்டால், 'நான் இருக்கிறேன், பயம் எதற்கு' என்கிறார். 2023 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் இரண்டு போலந்துக்காரர்கள் இறந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் குல்மார்க்கில் இன்னொரு சரிவில் ஒரு ரஷ்யர். அவர்கள் எல்லாம் ஸ்கீ தெரிந்தவர்கள். நமக்கோ நிற்கவே தெரியாது.

சரி, போகிறவர்கள் என்ன செய்யலாம்? கடைக்காரர் எடையைக் கேட்டு உங்கள் கண் முன்னால் பைண்டிங்கைத் திருப்பி வைக்காவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். வாங்கும்போதே ஸ்கீயின் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுங்கள். கொண்டோலா டிக்கெட்டை ஆன்லைனில் நீங்களே எடுங்கள். முறையாகக் கற்க வேண்டுமென்றால் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஸ்கீ பயிற்சி நிறுவனம் குல்மார்க்கிலேயே இருக்கிறது, முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும். அப்புறம், ரசீது. எங்களிடம் அது இல்லாததால், புகார் கொடுத்தபோது அதை எழுதி வாங்கிக்கொண்டார்கள், அதோடு சரி.