லைசென்ஸ் கார்டு: முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்

மதுரையில் ஒரு கம்பெனியின் போக்குவரத்துப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊழியர்களை ஏற்றி இறக்கும் பஸ், வேன் ஓட்டுநர்களின் லைசென்ஸ், பேட்ஜ், வண்டிகளின் எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எதுவும் தேதி தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. 2019 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க ஒரே வடிவத்தில் வருகிற ஓட்டுநர் உரிமக் கார்டு தினமும் என் மேஜைக்கு வந்து போகிறது. சொல்ல வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு எது உயிர்நாடியோ, அது சட்டென்று கண்ணில் படுகிற மாதிரி இல்லை. என் குறை இதுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உரிம எண் அருமையாக அமைந்திருக்கிறது. டிஎன் 59 என்று தொடங்கினால் மதுரை வடக்கு, 58 என்றால் மதுரை தெற்கு, 72 திருநெல்வேலி, 37 கோவை தெற்கு. அடுத்த நான்கு இலக்கம் லைசென்ஸ் எடுத்த வருஷம். கடைசி ஏழு இலக்கம் வரிசை எண். ஊர் மாறினாலும், புதுப்பித்தாலும் எண் அப்படியேதான் இருக்கும். வேலை கேட்டு வருகிறவர் எந்த ஊரில், எந்த வருஷம் லைசென்ஸ் எடுத்தார் என்பது அவர் உட்காருவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும்.

சிக்கல் தேதிகளில்தான். பிறந்த தேதியை விட்டுவிட்டால் முன்பக்கத்தில் நான்கு தேதிகள் வரலாம்: இந்தக் கார்டு வழங்கிய தேதி, முதன்முதலில் உரிமம் வழங்கிய தேதி, என்டி செல்லுபடி, டிஆர் செல்லுபடி. என்டி என்பது சொந்த உபயோக வண்டிகளுக்கு, டிஆர் என்பது வாடகை மற்றும் வணிக வண்டிகளுக்கு. இரண்டும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எங்களிடம் பெரிய பஸ் ஓட்டும் ஒரு அண்ணன் 1981இல் பிறந்தவர். 2004 ஜூனில் பைக்குக்கும் காருக்கும் சேர்த்து லைசென்ஸ் எடுத்தார். அன்றைய சட்டப்படி 20 வருஷம், அல்லது 50 வயது, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். அதனால் 2024 ஜூனில் புதுப்பித்தார். இப்போதைய சட்டப்படி 30 முதல் 50 வயதுக்குள் இருப்பவருக்குப் பத்து வருஷம். ஆக, என்டி 2034. ஹெவி, அதாவது கனரக வண்டிக்கான உரிமம் எடுத்தது 2009 ஜூலையில். அப்போது டிஆரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்: 2012, 2015, 2018, 2021. 2019 செப்டம்பரில் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் வந்து அது ஐந்து வருஷம் ஆனது. ஆக, டிஆர் 2026 ஜூலை.

கார்டை நீட்டி, “டிஆர் தேதியைப் பார்த்தீங்களாண்ணே?” என்று கேட்டேன். “அதான் 2034 வரைக்கும் கிடக்கே மேடம்” என்றார். அவர் மேல் தப்பே இல்லை. இரண்டு தேதியும் ஒரே அளவு எழுத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. வேறுபாடு இரண்டெழுத்துச் சுருக்கம் மட்டும்தான், அதுவும் ஆங்கிலத்தில். சோறு போடுகிற தேதி எது என்று கார்டு எடுத்துச் சொல்ல வேண்டாமா? டிஆர் தேதியைக் கொஞ்சம் தடித்த எழுத்தில் அச்சடித்தாலே போதும். முன்பெல்லாம் தேதி முடிந்தாலும் 30 நாள் அவகாசம் இருந்தது. 2019 திருத்தத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை ஸ்டியரிங்கைப் பிடித்தால் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதுதான். ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.

வழங்கிய தேதியும் ஆளை ஏமாற்றும். புதுப்பித்தாலோ முகவரி மாற்றினாலோ அது மாறிவிடும். எங்களிடம் இருந்த இன்னொருவர் வெளிநாட்டு ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, ஆள் எடுக்கும் ஏஜென்சியில் அந்தத் தேதியை வைத்து அனுபவத்தைக் கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பார்க்க வேண்டியது முதன்முதலில் வழங்கிய தேதியை. அது பொடி எழுத்தில் ஓரமாக இருக்கிறது. அதைக் காட்டி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம், சரியானது.

அப்புறம் பின்பக்கம். பலர் திருப்பியே பார்ப்பதில்லை, எனக்கோ அதுதான் முதல் பக்கம். எந்தெந்த வகை வண்டி ஓட்டலாம் என்பது அங்கேதான் ஆங்கிலச் சுருக்கங்களில் இருக்கிறது. எம்சிடபிள்யூஜி என்றால் கியர் உள்ள பைக், எம்சிடபிள்யூஓஜி என்றால் கியர் இல்லாதது. இரண்டாவது மட்டும் இருப்பவர் ஸ்கூட்டர் ஓட்டலாம், கியர் பைக்கைத் தொடக் கூடாது. எல்எம்வி என்பது 7,500 கிலோவுக்குட்பட்ட இலகு ரக வண்டி. டிரான்ஸ் என்பது போக்குவரத்து வண்டி, அதாவது முன்னால் சொன்ன வாடகை, வணிக வண்டி. எல்எம்வி மட்டும் வைத்திருப்பவர் அந்த எடைக்குள் இருக்கும் வணிக வண்டியை ஓட்டலாமா என்று நீண்ட நாள் வழக்கு நடந்தது. ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. சின்ன வேன், ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. எங்கள் பஸ் அந்த எடையைத் தாண்டுவதால் டிரான்ஸ் கட்டாயம் வேண்டும்.

ஒவ்வொரு வகைக்கும் பக்கத்திலேயே அதை வழங்கிய தேதியும் இருக்கிறது. இந்தக் கார்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மேலே சொன்ன அண்ணனின் உரிம எண்ணில் 2004 இருக்கலாம், ஆனால் ஹெவி அனுபவம் 2009இலிருந்துதான் என்று அந்தக் கட்டம் நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. ஆள் எடுக்கிறவர்கள் இதை மட்டும் பார்த்தாலே பாதி தலைவலி குறையும்.

ரத்த வகை நாம் எழுதிக்கொடுத்ததுதான், யாரும் சோதித்துப் போடுவதில்லை. தெரியாமல் எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள். அவசரத் தொடர்பு எண்ணுக்கும் பின்பக்கத்தில் இடம் இருக்கிறது. என்னிடம் வரும் கார்டுகளில் பாதிக்கு மேல் அது காலியாகக் கிடக்கிறது. ராத்திரி ரோட்டில் ஓடுகிறவர்களுக்கு அதைவிட முக்கியமான கட்டம் எது? விண்ணப்பத்தில் வீட்டு எண்ணை எழுதாமல் விடாதீர்கள்.

சட்டைப் பையில் வேர்வை பட்டுக் கார்டின் எழுத்து மங்கும். அரசின் மொபைல் செயலிகளான டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ இறக்கி வைத்துக்கொண்டால் அதைக் காட்டினாலே போதும், சட்டப்படி அசல் மாதிரிதான். மொபைலில் எடுத்த வெறும் போட்டோ அதற்கு ஈடாகாது.

தேதி முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். 40 வயதைக் கடந்தவர்களும், டிஆர் புதுப்பிக்கிற எல்லோரும், படிவம் 1ஏவில் டாக்டர் சான்று வாங்க வேண்டும். எங்கள் அண்ணனைக் கையோடு உட்கார வைத்து விண்ணப்பம் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன் கார்டில் இருந்த முகவரியைத்தான் முதலில் சரிபார்த்தேன். தமிழ்நாட்டில் இப்போது கார்டை ஆர்டிஓ ஆபீசில் கையில் தருவதில்லை, ஸ்பீட் போஸ்ட்டில் அந்த முகவரிக்குத்தான் அனுப்புகிறார்கள். அவர் வீடு மாறி ரொம்ப நாளாகியிருந்தது. முகவரி மாற்றத்தையும் சேர்த்தே போட்டோம்.