மெர்குரியா, எல்.இ.டி.யா: ஒளிர்வு நுண்ணோக்கிக்கு எந்த விளக்கு?

பெரிய வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலுக்குத் தீமிதி பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "அண்ணா, மெர்குரி விளக்கு வைத்த பழைய ஃப்ளூரசன்ஸ் மைக்ரோஸ்கோப் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?"

மூன்று வருடத்துக்கு முன் டர்பனில் நாங்களும் இதே கேள்வியோடுதான் நின்றோம். மெர்குரியை வைத்துப் பட்டது போதும் என்று எல்.இ.டி. பக்கம் போனோம். என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

இரண்டு விளக்குக்கும் வேலை ஒன்றுதான். சாயத்தின் மேல் ஒரு நிற ஒளியை அடித்தால், அது அலைநீளம் கூடிய இன்னொரு நிறத்தில் ஒளிரும். அடித்த ஒளியைத் தடுத்து, ஒளிர்வை மட்டும் கண்ணுக்கு விடுவது ஃபில்டர். காசநோய்க் கிருமிக்கு ஆரமின், செல்லின் உட்கருவுக்கு டாப்பி, உயிருள்ள செல்லுக்குள் புரதத்தைத் தேட ஜெல்லி மீனிலிருந்து வந்த ஜி.எஃப்.பி. என்னும் ஒளிரும் புரதம். நம் வீட்டு டியூப் லைட்டும் இதே சங்கதிதான்: பாதரச ஆவியின் புற ஊதாக் கதிர் பட்டுக் குழாயின் உட்பூச்சு ஒளிர்கிறது.

மெர்குரிக்கு உள்ள பெருமையை மறைக்க வேண்டாம். 365, 405, 436, 546, 577 நானோமீட்டர்களில் அதன் ஒளி பளிச்சென்று இருக்கும். ஒரே பல்பில் டாப்பியும் பார்க்கலாம், சிவப்பாக ஒளிரும் சாயங்களும் பார்க்கலாம். ஆனால் ஜி.எஃப்.பி.க்கு வேண்டிய 480ஐ ஒட்டிய இடத்தில் அது சுமார்தான். அங்கே நீல எல்.இ.டி. நன்றாகவே வேலை செய்கிறது.

சரி, என்னைத் திருப்பிய விஷயத்துக்கு வருகிறேன்: பல்பு. நூறு வாட் மெர்குரி பல்பின் ஆயுள் ஏறத்தாழ 200 மணி நேரம். அதற்கு மேல் ஓட்டினால் வெடிக்கலாம். ஏற்றினால் அரை மணி நேரத்துக்கு அணைக்கக் கூடாது; அணைத்தால் ஆறும்வரை மறுபடி ஏற்றக் கூடாது. அதனால் யாரும் அணைக்க மாட்டார்கள். நாங்கள் ஸ்லைடு பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால், விளக்கு எரிவது நாலு மணி நேரம். வருடத்துக்கு 250 வேலை நாள் வைத்தாலும் ஆயிரம் மணி நேரம், அதாவது ஐந்து பல்பு. ஒவ்வொன்றும் சில ஆயிரம் ராண்ட். மாற்றும்போது விரல் ரேகை படக் கூடாது. மாற்றிய பிறகு ஒளிப்பொட்டை நடுவுக்குக் கொண்டுவர ஒரு காலைப் பொழுது போகும். செத்த பல்பையும் குப்பையில் போட முடியாது, உள்ளே பாதரசம். எல்.இ.டி.க்குச் சொல்லும் ஆயுள் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல். தேவைப்படும் நொடியில் ஏற்றி அடுத்த நொடியில் அணைக்கலாம் என்பதால், எரிவதும் பார்க்கும் அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான்.

2023 நினைவிருக்கிறதா? லோட் ஷெடிங் தலைவிரித்தாடிய வருடம். கரண்ட் போனால் மெர்குரி அணையும். ஜெனரேட்டர் அரை நிமிடத்தில் வந்துவிடும், ஆனால் விளக்கு சூடு ஆற வேண்டும், அப்புறம் ஏற்றி ஒளி நிலைக்க வேண்டும். நுண்ணோக்கியின் மேடையில் இருக்கும் செல் அதுவரை காத்திருக்குமா? எல்.இ.டி. சின்ன பேட்டரியிலேயே ஓடும்.

ஆய்வுக்கு இன்னொரு வம்பும் உண்டு. மெர்குரி பல்பு வயதாக ஆக மங்கும், இடையில் மினுக்கும். ஜனவரியில் எடுத்த படத்தையும் மார்ச்சில் எடுத்த படத்தையும் வைத்து, புரதம் குறைந்ததா, பல்பு மங்கியதா என்று நாங்களே வாதாடியிருக்கிறோம்.

காசநோய்க்கு மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம். 2011இல் உலக சுகாதார நிறுவனமே மெர்குரிக்குப் பதில் எல்.இ.டி. நுண்ணோக்கியைப் பரிந்துரைத்தது. இங்கே தென்னாப்பிரிக்காவில் முதல் பரிசோதனை, கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் கருவிக்குப் போய்விட்டாலும் (அதற்குள்ளும் ஒளிர்வுதான்), சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கச் சளி ஸ்லைடு இன்னும் வேண்டியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மலிவான எல்.இ.டி.களில் நீலம் ஒன்றே இருக்கும். ஆரமினுக்குப் போதும், டாப்பிக்கு உதவாது. வெள்ளை எல்.இ.டி.யிலும் புற ஊதா இராது. பல நிறம் கொண்டது வாங்கினால்தான் ஆராய்ச்சிக்கு ஆகும், அதன் விலை கையைக் கடிக்கும். மூன்று வருடத்தில் எங்களுடையது ஒருமுறையும் படுக்கவில்லை. ஆனால் மூன்று வருடம் பெரிய அனுபவம் இல்லை. படுத்தால் பல்பு மாதிரி நாமே மாற்ற முடியாது, முழுப் பெட்டியையும் அனுப்ப வேண்டும்.

தம்பியிடம் சொன்னது இதுதான்: ஸ்டாண்டும் லென்ஸும் நன்றாக இருந்தால் வாங்கு. மெர்குரி விளக்கு இருக்கும் கூட்டையும் அதன் பவர் பெட்டியையும் கழித்துவிட்டு விலை கேள், அவற்றை இனி யாரும் வாங்கப் போவதில்லை. அந்த ஸ்டாண்டில் பொருந்தும் எல்.இ.டி. கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள். பேரம் முடியட்டும், எங்கள் அலமாரியில் மிச்சமிருக்கும் இரண்டு புது மெர்குரி பல்பைச் சும்மாவே தருகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றுவிட்டான்.