சாஃப்ட் பேஸ்டலா, எண்ணெய் வண்ணமா? டெல்டா ஈரத்தை வைத்து ஒரு கணக்கு

கும்பகோணத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வரைகிறவன் நான். எண்ணெய் வண்ணத்தை விட்டு சாஃப்ட் பேஸ்டலுக்கு, அதாவது சாக்பீஸ் மாதிரி இருக்கும் வண்ணக்குச்சிக்கு, மாறியவன் என்பதால், வீட்டில் மாட்ட எந்தப் படம் வாங்கலாம் என்ற இந்த அலசல் ஒருபக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்கில் ஆகும். ஐப்பசி அடைமழையில் ஜன்னலைச் சாத்திவிட்டு டர்பன்டைன் வாடையில் இருக்க வேண்டும். பேஸ்டலில் காய ஒன்றுமே இல்லை. நிறமியும் வெள்ளைத்தூளும்தான் குச்சி, பிசின் பேருக்குத்தான். எண்ணெய் சேராததால் நாளாக நாளாக மஞ்சளிப்பதில்லை. வெனிஸின் ரோசால்பா கரியேரா 18ஆம் நூற்றாண்டில் வரைந்த பேஸ்டல் முகங்களை ஜெர்மனியின் ட்ரெஸ்டன் கலைக்கூடத்தில் இன்றும் பார்க்கலாம்.

நாற்றங்கால் பச்சைக்கு இதைவிட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நீலத்தின் மேல் எலுமிச்சை மஞ்சளை லேசாக இழுத்தால், தாளின் சொரசொரப்பில் மேட்டில் மட்டும் மஞ்சள் ஒட்டும்; பள்ளத்தில் நீலம் நிற்கும். எட்டி நின்றால் பச்சை. எண்ணெயில் இதற்கு அடிப்பூச்சு காயும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆனால் பேஸ்டல் படம் வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது ஃபிரேம்தான். விபூதி மாதிரி விரல் பட்டாலே உதிரும் பரப்பு, கண்ணாடி கட்டாயம். அந்தக் கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது. தொட்டால் தூள் அதில் ஒட்டும். கார்த்திகை ஈரம் உள்ளே தேங்கும். தாளிலும் பிசினிலும் பூஞ்சை பிடிக்கும். கவின் கலைக் கல்லூரி இருக்கிற ஊர்தான், ஆனாலும் ஃபிரேம் கடைகளுக்கு வருவது சாமி படமும் கல்யாண போட்டோவும். வழக்கம்போல கண்ணாடியை அழுத்தித்தான் போடுவார்கள். "அண்ணே, நடுவுல கெட்டி மவுண்ட் வைங்க, இடைவெளி விடுங்க" என்று கூடவே நின்று சொல்ல வேண்டும். மவுண்ட் என்பது படத்தைச் சுற்றி வைக்கிற அட்டை. கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் வேண்டாம். துடைத்தால் நிலைமின்சாரம் ஏறித் தூளை இழுக்கும். தூள் உதிராமல் பிடிக்கத் தெளிக்கிற ஃபிக்ஸேட்டிவ் அடித்துவிட்டால் போதாதா என்பார்கள். நிறையத் தெளித்தால் வெளிர் நிறங்கள் மங்கிப்போகும், உதிர்வதும் முழுக்க நிற்காது.

சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து தள்ளி மாட்டுங்கள். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர் கூடவே கூடாது.

எண்ணெய்ப் படத்துக்கு இத்தனை பாடு கிடையாது. கண்ணாடி வேண்டாம், கூரியரில் அனுப்புவதும் சுலபம். ஓதத்தில் கேன்வாஸ் தொய்யும், பின்பக்கம் அதிலும் பூஞ்சை வரும். இருந்தாலும் பராமரிப்பில் அதற்குத்தான் என் ஓட்டு. எண்ணெயும் மெழுகும் சேர்த்த குச்சியான ஆயில் பேஸ்டலை சாஃப்ட் பேஸ்டலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது என்றுமே முழுதாகக் காயாது, சித்திரை வெயிலில் இளகித் தூசி பிடிக்கும்.

மறுவிற்பனையில் என் அனுபவம் சொற்பம். கேன்வாஸைப் 'பெயிண்டிங்' என்று மதிக்கிறவர்கள் பேஸ்டலுக்கு ஸ்கெட்ச் விலை பேசுவதைத்தான் பார்த்திருக்கிறேன். சென்னையில் நிலவரம் வேறாக இருக்கலாம்.

ஓதம் ஏறும் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடென்றால் எண்ணெய் வண்ணப் படமே வாங்குங்கள். உலர்ந்த உள்சுவர் ஒன்று இருந்து, ஃபிரேமுக்குத் தனியாகச் செலவு செய்யவும் மனமிருந்தால் யோசிக்காமல் பேஸ்டல்.