1,850 பிராங்க் போயே போச்சு: பனிமலையில் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

1,850 பிராங்க். என் கணக்கிலிருந்து போன தொகை அது. இனி திரும்பி வராது என்பது இன்று காலை உறுதியாகிவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் நாசூக்காக எழுதத் தொடங்கிவிடுவேன். காலில் ஸ்கை என்னும் பனிச்சறுக்குப் பலகை போட்டுக்கொண்டு பனிமலை ஏறிப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள், இந்த மாதிரிப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இணையத்தில் மட்டும் கடை விரித்திருக்கும் ஒரு பயண ஏற்பாட்டுக்காரர்கள். ‘புகைப்படக்காரர்களுக்கான ஸ்கைப் பயணம்’ என்று விற்கிறார்கள். பிரான்ஸின் ஷமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை ஆல்ப்ஸ் மலையைக் குறுக்கே கடக்கும் ஓட் ரூட் பாதை ஸ்கை மலையேறிகளுக்குத் தெரிந்ததுதான். முழுதாகப் போக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இவர்கள் விற்றது அதன் கடைசித் துண்டு மட்டும், நான்கு நாள். அரோலா கிராமத்தில் கூடுவது, மறுநாள் மலையேறிகள் தங்கும் வின்யெட் குடிலுக்கு ஏறுவது, மூன்றாம் நாள் பீன்ய தரோலா உச்சியில் விடியலைப் படமெடுப்பது, நான்காம் நாள் மூன்று கணவாய்களைக் கடந்து செர்மாட்டில் இறங்குவது. கடைசிக் கணவாயான வல்பெலினில் ஏறி நின்றால் 4,478 மீட்டர் மாட்டர்ஹார்ன் எதிரே நிற்கும். அதுவும் எல்லாரும் செர்மாட்டில் நின்று எடுக்கும் முகம் இல்லை, அதன் மேற்குப் பக்கம். அந்த ஒரு படத்துக்காகத்தான் போனேன்.

உரிமம் பெற்ற மலை வழிகாட்டி ஒருவர், கூடவே ஒரு புகைப்படக்காரர், மொத்தம் ஆறு பேர்தான், குடிலில் படுக்கை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,850 பிராங்க் என்று போட்டிருந்தார்கள். உடனே கட்டவில்லை, நான் ஒன்றும் அவ்வளவு அப்பாவி இல்லை. தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். ஏமாந்தது அங்கேதான்.

எடுத்தவர், அப்போது அவர் எனக்கு ‘அவர்’தான், முதலில் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. என்ன லென்ஸ் கொண்டு வருகிறீர்கள் என்று கேட்டார். 70-200 மி.மீ. ஜூம் என்றேன். “அதை வீட்டிலேயே வையுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறும்போது ஒவ்வொரு நூறு கிராமும் தொடையில் தெரியும். 24-105 ஒன்று போதும்” என்றார். பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைக்கச் சொன்னார். பனியைப் பார்த்து கேமராவின் ஒளிமீட்டர் ஏமாறும், வெளிச்சத்தை ஒரு ஸ்டாப்பாவது, அதாவது இரு மடங்காகவாவது, கூட்டிவைக்காவிட்டால் வெள்ளைப் பனி சாம்பல் நிறத்தில் வரும் என்றார். குடிலுக்குள் நுழையும் முன் வெளிக்குளிரிலேயே கேமராவைப் பையில் போட்டு வாயை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போனதும் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும் என்றார். எல்லாம் சரி. ஒன்று கூடத் தப்பில்லை. போதாக்குறைக்கு விட்டோரியோ செல்லாவைப் பற்றி வேறு பேசினார். 1882-இல் குளிர்காலத்திலேயே மாட்டர்ஹார்ன் உச்சிக்குப் போனவர், 30-க்கு 40 சென்டிமீட்டர் கண்ணாடித் தட்டுகளைச் சுமந்துகொண்டு மலைகளைப் படமெடுத்தவர். செல்லாவைத் தெரிந்த ஆள் நம்மை ஏமாற்றுவானா என்று நினைத்தேன். நாற்பது நிமிடம் பேசினோம். அன்று ராத்திரியே 1,850 பிராங்கை வங்கிப் பரிமாற்றமாக அனுப்பிவிட்டேன். கார்டில் கட்டினால் கட்டணம் அதிகமாகுமாம், எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறாராம்.

இப்போது யோசித்தால் சிரிப்பாக வருகிறது. கேமராவைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததால், மலையைப் பற்றிக் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக்கூட நான் கேட்கவில்லை. வழிகாட்டியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை!

அரோலாவில் போய் இறங்கினால் ஆறு பேர் இல்லை, பதினொரு பேர். வழிகாட்டியைக் காணோம். “அவர் குடிலில் நம்மோடு சேர்ந்துகொள்வார்” என்றான் வந்திருந்த ஆள். நல்ல கேமரா வைத்திருந்தான், ட்ரோன் வைத்திருந்தான். சட்டையிலோ பையிலோ வழிகாட்டிக்குரிய வட்டச் சின்னம் இல்லை. தொலைபேசிக் குரலும் இவனுடையதுதான் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.

மறுநாள் காலை குடிலுக்கு ஏற வேண்டும். அன்றைய பனிச்சரிவு அறிக்கையில் ஆபத்து நிலை 3. ஐந்து நிலைகளில் மூன்றுதானே, நடுவில்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் நிலை 3 என்றால், செங்குத்தான சரிவில் ஒரே ஒரு ஆள் மிதித்தாலும் பனி மொத்தமாகப் பெயர்ந்து வரலாம் என்று அர்த்தம். புதுப்பனி விழுந்து, காற்று அதை அள்ளி ஒரு பக்கம் குவித்திருந்தது. இப்படிப்பட்ட நாளில் காலையில் சீக்கிரமே கிளம்புவார்கள். நாங்கள் பத்து மணிக்குக் கிளம்பினோம். ஏனென்றால் காலை வெளிச்சத்தில் அவன் ட்ரோன் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான்.

கிளம்பும் முன் பீக்கன் சோதனை கிடையாது. பனிக்குள் புதைந்தவரைத் தேட 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் கருவி அது. குழு கிளம்பும்போது ஒருவர் தள்ளி நின்று, ஒவ்வொருவரும் கடக்கையில் கருவி வேலை செய்கிறதா என்று கேட்டுப் பார்ப்பார். எந்தக் குழுவும் இதைச் செய்யாமல் நகராது. “ஆன் செய்துவிட்டீர்கள்தானே, போதும்” என்றான். எனக்கு முன்னால் போன பெண் பீக்கனை நெஞ்சில் கட்டி, அதற்கு நேர் மேலேயே தோள்வாரில் கேமராவை மாட்டியிருந்தார். கேமரா, போன் எதுவாக இருந்தாலும் பீக்கனிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், தேடும்போது 50. நான் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. புகைப்படக்காரர்களுக்கென்றே நடத்தும் பயணத்தில், முதலில் சொல்லித்தர வேண்டியதே அதுதானே?

நடுவழியில் என் ஸ்கின்னில், அதாவது ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கையின் அடியில் ஒட்டும் பட்டையில், பசை விட்டுப்போனது. குளிரில் சகஜம். நீல நிற டேப்பை ஸ்கையோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி ஏறினேன். இந்த நீல டேப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தச் சரிவு. வலப்பக்கம், யாரும் தொடாத பனி. “இதில் ஒருவர் வளைந்து வளைந்து இறங்கினால் கோடு அற்புதமாக விழும். மற்றவர்கள் கீழே நின்று எடுங்கள்” என்றான். போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். அந்த இடம் முழுக்க ஆரஞ்சு நிறம், அதாவது 35 டிகிரிக்கு மேல். பனிச்சரிவு 30 டிகிரியிலிருந்தே கிளம்பும். நிலை 3 அன்று, காற்று குவித்த பனியின் மேல் ஒருவரை இறக்கி, அதன் காலடியில் பத்துப் பேரை நிறுத்தி வைக்கிறான், முன்புறத்தில் ஒரு கோடு வேண்டும் என்பதற்காக! நான் நிற்கமாட்டேன் என்று விலகி வந்தேன். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் நின்றார்கள். எதுவும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதுதான் இன்று அவர்களுக்கு வாதமாகிவிட்டது.

பனியாற்றின் மேல் போகும்போது கயிறு இல்லை. பனிப்பிளவில் விழுந்தால் தூக்க ஒரு சாமானும் அவன் பையில் இல்லை. ட்ரோன் பேட்டரி மட்டும் நான்கு இருந்தது.

குடிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பொறுப்பாளர் பதிவேட்டைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார். அந்தப் பெயரில் படுக்கையே பதிவாகவில்லை. “உங்கள் வழிகாட்டி யார்?” என்று கேட்டார். பதினொரு பேரும் அவனைப் பார்த்தோம். அவன் போனைப் பார்த்தான். பொறுப்பாளர் நல்ல மனிதர், ராத்திரியில் யாரையும் வெளியே தள்ளவில்லை. நெருக்கிப் படுக்க இடம் கொடுத்தார், படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் எங்களிடமே பணம் வாங்கிக்கொண்டார். அவர் மேல் குறையில்லை. ஆக 1,850 பிராங்குக்கு மேல் அதுவும் செலவு.

வழிகாட்டி மறுநாளும் வரவில்லை. அப்படி ஒருவர் எப்போதாவது இருந்தாரா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம். வேறு குழுவோடு வந்த நிஜ வழிகாட்டி ஒருவர் எங்கள் நிலைமையைக் கேட்டுவிட்டு, செர்மாட் பக்கம் போகவே வேண்டாம், நான் இறங்கும்போது என் தடத்திலேயே வாருங்கள் என்றார். நாங்கள் மூன்று பேர் அவர் பின்னாலேயே அரோலாவுக்கு இறங்கினோம். வல்பெலினையும் பார்க்கவில்லை, மாட்டர்ஹார்னையும் பார்க்கவில்லை.

இறங்கிய அன்றே பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுதினேன். முதல் பதில்: மலையில் வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல. வானிலையா? ஒரு மேகம் இல்லை ஐயா, படங்களைப் பாருங்கள், வானம் கரும்நீலம். இரண்டாவது பதில்: நீங்களாகவே பயணத்தைப் பாதியில் விட்டதால் விதிப்படி எதுவும் கிடைக்காது. மூன்றாவது வேறொரு பெயரில் வந்தது, புகார்ப் படிவத்தை நிரப்பி 30 வேலை நாள் காத்திருக்கச் சொல்லி. நாலாவதுதான் உச்சம்: அடுத்த பயணத்தில் 20 சதவீதத் தள்ளுபடி. அதாவது 1,850 பிராங்கைத் திருட்டுக் கொடுத்தவன், திரும்பவும் போய்க் கொஞ்சம் மலிவாகத் திருட்டுக் கொடுக்கலாம். தொலைபேசியை என் எண்ணிலிருந்து அழைத்தால் எடுப்பதில்லை. நண்பரின் எண்ணிலிருந்து அழைத்தேன், இரண்டாவது மணியிலேயே அதே தேன் குரல். பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டான்.

வங்கியில் கேட்டேன். கார்டு என்றால் முறையிட்டுப் பார்த்திருக்கலாம், நீங்களே உங்கள் கையால் அனுப்பிய பரிமாற்றத்தை எங்களால் இழுத்துக்கொண்டு வர முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

இன்று காலை அவர்களுடைய பக்கத்தைத் திறந்தேன். ஏப்ரல் பயணத்துக்கு விளம்பரம். மேலே பெரிதாக ஒரு படம்: சூரியன் மறைந்தபின் வரும் நீல வெளிச்சம், குடிலின் மஞ்சள் ஜன்னல், முன்னால் பனியில் குத்தி நிறுத்திய ஒரு ஜோடி ஸ்கை. ஒன்றில் நீல டேப் நாலு சுற்று. என் ஸ்கை. என் படம். ‘குழுவின் நினைவுக்காக’ எல்லாரும் ஒரே இடத்தில் ஏற்றுங்கள் என்று அன்று ராத்திரி கேட்டு வாங்கிக்கொண்டானே, அதிலிருந்து எடுத்திருக்கிறான். கீழே ‘அனுபவமிக்க வழிகாட்டிகளுடன்’ என்று ஒரு வரி. போன வருடம் நான் மயங்கிய அந்த அழகான படங்களும் இப்படி யாரோ ஏமாந்தவர்கள் எடுத்ததாகத்தான் இருக்கும்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், முடியவில்லை, வயிறு எரிகிறது. சட்டென்று நினைவுக்கு வருவதைச் சொல்கிறேன். பணம் கட்டும் முன் வழிகாட்டியின் முழுப்பெயரைக் கேளுங்கள், அந்த நாட்டு வழிகாட்டிகள் சங்கத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சர்லாந்தில் காசு வாங்கிக்கொண்டு இப்படிக் கூட்டிப்போக உரிமம் வேண்டும், 2014 முதல் அதற்குச் சட்டமே இருக்கிறது. பெயர் சொல்லத் தயங்கினால் அங்கேயே வைத்துவிடுங்கள். கார்டில் மட்டும் கட்டுங்கள். பீக்கன் சோதனை இல்லாமல் குழு நகர்ந்தால் நீங்கள் நகராதீர்கள். உங்கள் படங்களை யாருக்கும் முழு அளவில் கொடுக்காதீர்கள்.

ஏப்ரல் பயணத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இதைப் படித்தால், முதல் வேலையாகக் குடிலை அழைத்து அந்தத் தேதியில் அந்தப் பெயரில் படுக்கை பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இன்றே கேளுங்கள். நீல டேப் சுற்றிய ஸ்கை படத்தைப் பார்த்துத்தான் கட்டினீர்கள் என்றால், அதை எடுத்தவன் நான்தான், நானும் செர்மாட் போய்ச் சேரவில்லை.