டெக்சாஸில் ஏழு ஆண்டுகள், மூன்று பதிவு முகவர்கள்

கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்களை வரவழைத்து டாலஸ் வட்டாரத்தில் விற்கிறேன். 2018இல் 300 டாலர் கட்டி டெக்சாஸ் மாநிலத்தில் எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) பதிவு செய்தபோது, படிவத்தில் ‘ரிஜிஸ்டர்டு ஏஜென்ட்’ என்றொரு கட்டம் இருந்தது. நிறுவனத்துக்கு வரும் வழக்குத் தாளையும் அரசுத் தாளையும் அதன் சார்பில் வாங்கிக்கொள்ளும் பதிவு முகவர் அவர். அன்று அது என்னவென்று யோசிக்காமல் என் பெயரையும் இர்விங் நகர வீட்டு முகவரியையும் எழுதினேன். சட்டம் அதை அனுமதிக்கிறது. அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும், தபால் பெட்டி எண் கூடாது, தெருவும் கதவு எண்ணும் உள்ள முகவரி வேண்டும், அலுவலக நேரத்தில் அங்கே ஆள் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்தக் கடைசி நிபந்தனைதான் இடித்தது. பொங்கலை ஒட்டி ஐந்து வாரம் ஊருக்குப் போகிறவன் நான். அந்த நாட்களில் நிறுவனத்தின் மேல் யாராவது வழக்குப் போட்டால், தாளை வாங்க வீட்டில் யாருமில்லை. தேடியும் முகவர் கிடைக்கவில்லை என்றால் வழக்குப் போட்டவர், நிறுவனங்களைப் பதியும் மாநிலச் செயலர் அலுவலகத்திடமே தாளைக் கொடுத்து வழக்கை நடத்தலாம். நமக்குத் தெரியாமலே தீர்ப்பு வந்துவிடக்கூடும்.

இன்னொரு தொல்லை, முகவரி பொதுப்பதிவில் ஏறிவிடுவது. பதிவு செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கழுகு முத்திரை போட்ட கடிதங்கள் வரத் தொடங்கின. ‘சான்றிதழுக்கு உடனே பணம் செலுத்துக’ என்று மிரட்டும் தொனி. கோவையிலிருந்து வந்திருந்த மாமியார் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, “மாப்பிள்ளை, கவர்மென்டில் இருந்து ஏதோ வந்திருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள்” என்று நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அடியில் பொடி எழுத்தில், ‘இது அரசு நிறுவனம் அல்ல’ என்று இருந்தது.

2020இல் ஏஜென்ட் வேலையை ஒரு இணைய நிறுவனத்திடம் கொடுத்தேன். முதல் ஆண்டு இலவசம், அடுத்த ஆண்டிலிருந்து 249 டாலர். இலவசம் என்றால் நமக்குக் கண் தெரியாது. அவர்கள் முகவரி பதிவில் ஏறியது, புதிய போலிக் கடிதங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. ஒன்றரை ஆண்டு நிம்மதியாக ஓடியது. உண்மையில் அந்த ஒன்றரை ஆண்டில் அவர்களுக்கு வேலையே வரவில்லை.

பிறகு வந்தது. நான் காலி செய்த கிடங்கின் உரிமையாளர் 6,400 டாலர் பாக்கி என்று ஜஸ்டிஸ் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். 20,000 டாலர் வரையிலான சிறு வழக்குகளை விசாரிக்கும் இடம் அது. தாள் ஏஜென்ட் கையில் சேர்ந்த நாள் செவ்வாய்க்கிழமை. அவர்கள் அதை ஸ்கேன் செய்து தங்கள் தளத்தில் ஏற்றியது வெள்ளிக்கிழமை. எனக்கு வந்த மின்னஞ்சலின் தலைப்பு, ‘உங்கள் கணக்கில் புதிய ஆவணம்’. அது தள்ளுபடி விளம்பரங்களோடு சேர்ந்து ஓரமாகக் கிடந்தது. அடுத்த வாரம் சனிக்கிழமை இரவு, வேறெதையோ தேடும்போது கண்ணில் பட்டது.

ஏஜென்ட் வாங்கிய நாளே நிறுவனம் வாங்கிய நாள். நான் எப்போது படித்தேன் என்பது கணக்கிலேயே வராது. அந்த நீதிமன்றத்தில் பதில் கொடுக்க 14 நாள். அதில் 11 போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் யாரிடமும் நான் சரியாகப் பேசவில்லை. நல்லவேளையாக, ஜஸ்டிஸ் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே உரிமையாளர் நிறுவனத்துக்காக ஆஜராகலாம். குற்றச்சாட்டை மறுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாலே பதிலாகும். திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் கொடுத்தேன். பின்னர் 2,000 டாலரில் சமரசம் ஆனது. அந்தப் பதிலைக் கொடுக்கத் தவறியிருந்தால் முழுத் தொகைக்கும் தீர்ப்பாகியிருக்கலாம். வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டபோது, உடனடித் தொலைபேசித் தகவல் ‘மேல்நிலைத் திட்டத்தில்’ மட்டுமே உண்டு என்றார்கள்.

மூன்றாவது ஏஜென்டைத் தேடும்போது இணையத்தில் நட்சத்திரங்களை எண்ணவில்லை. ஐந்து இடங்களுக்குப் போன் போட்டு ஒரே கேள்வி கேட்டேன்: “இன்று காலை 11 மணிக்கு வழக்குத் தாள் வந்தால், அது எனக்கு எப்போது, எப்படித் தெரியும்?” இருவர் தளத்தைப் பார்க்கச் சொன்னார்கள். ஒருவர் பதில் சொல்லாமல் கட்டணச் சலுகை பேசினார். ஒரு இடத்தில் ஆளே எடுக்கவில்லை. ஆஸ்டினில் இருந்த ஒரு பெண்மணி மட்டும், “பிற்பகல் ஒரு மணிக்குள் ஸ்கேன் வந்துவிடும். நீங்கள் திறக்காவிட்டால் மாலைக்குள் நானே அழைப்பேன். இரண்டாவதாக யாரை அழைக்க வேண்டும்?” என்று திருப்பிக் கேட்டார். மனைவியின் எண்ணைக் கொடுத்தேன். ஆண்டுக்கு 125 டாலர். 2021 இறுதியிலிருந்து அவர்கள்தான்.

மாற்றுவது கடினமில்லை. புதிய ஏஜென்டின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, மாநிலச் செயலர் அலுவலகத்தில் 401ஆம் எண் படிவம், 15 டாலர் கட்டணம். ஆனால் பழைய ஏஜென்டின் கணக்கைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். நான் மறந்தேன், அட்டையில் இன்னொரு 249 பிடித்தார்கள், திரும்ப வரவில்லை.

‘டெலவேர் மாநிலத்தில் பதிவு செய், வரி இல்லை’ என்று சொல்லும் நண்பர் ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் இருப்பார். பெரிய முதலீடு தேடுகிறவர்களுக்கு அதில் காரணம் உண்டு. கிரைண்டர் விற்பவனுக்கு, டெலவேருக்கு ஆண்டுதோறும் 300 டாலர், டெக்சாஸில் வெளிமாநில நிறுவனமாகப் பதிய 750 டாலர், அதோடு மாநிலத்துக்கு ஒன்றாக இரண்டு ஏஜென்ட். எனக்கு ஒருவரே போதும்.

இப்போதைய ஏஜென்டிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வங்கிக் கடிதம், வாடிக்கையாளர் கடிதம் எதையும் வாங்க மாட்டார்கள். சட்டத் தாளும் அரசுத் தாளும் மட்டும்தான். அவர்கள் தளம் கைப்பேசியில் திறக்கவே திணறும். போன பிப்ரவரியில் நான் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தபோது மாநில அலுவலகத்தின் சாதாரண நினைவூட்டல் ஒன்று வந்திருக்கிறது. நான் திறக்கவில்லை. இரவு பத்து மணிக்கு மனைவி போனை நீட்டினார்: “ஆஸ்டினில் இருந்து அந்த அம்மா.”