பொய் பரவிய பிறகு மறுப்பதா, முன்பே பழக்குவதா?

பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று 2023 மார்ச்சில் பரவிய வீடியோக்களை ஓசூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கோ, வேறு காரணத்துக்காக நடந்த அடிதடிகளை எடுத்துப் போட்டிருந்தார்கள். காவல்துறைத் தலைவரே மறுத்தார். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. மறுப்பு சரியானதுதான், ஆனால் பயம் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது.

உண்மை சரிபார்ப்பின் பலவீனம் இதுதான். இன்னொன்று, சரிபார்ப்பதே அரசு என்றால் தன்னைப் பற்றிய செய்திக்குத் தானே நீதிபதி ஆகிவிடுகிறது. மத்திய அரசின் சரிபார்ப்புப் பிரிவுக்கான விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

வாட்ஸ்அப் 2018ல் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கோ குழுக்களுக்கோதான் ஃபார்வர்டு செய்யலாம் என்று இந்தியாவில் கட்டுப்படுத்தியது. வேகம் குறையும், அவ்வளவுதான். கட்சிக்காக நூறு குழுக்களை நடத்துபவருக்கு அது ஒரு தடையே இல்லை.

சரி, பொய்யை இனம் காண மக்களைப் பழக்கலாம் என்றால் அதிலும் இரண்டு வழி. 2019 தேர்தல் சமயத்தில் பீகாரில் வீடு வீடாகப் போய் ஒரு மணி நேரம் பயிற்சி தந்து பார்த்தார்கள். மொத்தத்தில் பலன் இல்லை. மத்திய ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் சிலர் தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்யை முன்பைவிட அதிகமாகவே நம்பினார்கள். நம்மூரில் பேனர் கட்டி நடத்தும் ஒருநாள் விழிப்புணர்வு முகாமும் இந்த வகைதான். அதே பீகாரில் பிறகு 583 கிராமங்களைச் சேர்ந்த 13,500க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. மகளிர் குழுத் திட்டமான ஜீவிகாவின் நூலகங்களில் 14 வாரங்களில் வகுப்புகள் எடுத்தார்கள். நான்கு மாதம் கழித்தும் பலன் நின்றது. பாடம் பெரும்பாலும் உடல்நலப் பொய்களைப் பற்றியது. பிள்ளைகளோ அரசியல் பொய்யையும் இனம் கண்டார்கள். பெற்றோரிடமும் மாற்றம் தெரிந்தது.

என் ஓட்டு இந்த நீண்ட வழிக்குத்தான். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989ல் முதலில் தொடங்கியது தருமபுரியில். ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி அப்போது அதே மாவட்டம். கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற அக்காவுக்குச் சென்னையிலிருந்து வரும் தமிழ் மறுப்பைவிட, குழுக் கூட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் "இந்த வீடியோ எப்ப எடுத்தது?" என்று அவர் மொழியிலேயே கேட்பது உறைக்கும். ஆனால் இதைத் தேர்தல் தேதி அறிவித்த பிறகு தொடங்கினால் 14 வாரத்துக்கு நேரம் இருக்காது.