ஸ்கைஹாக்குடன் மூன்று வருடம்

கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் ஏ-4ஈ ஸ்கைஹாக் என்ற பழைய அமெரிக்கப் போர் விமானத்தைப் பதிவிறக்கி மூன்று வருடம் ஆகிறது. ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து உருவாக்கி இலவசமாகக் கொடுத்தது. சும்மா கிடைக்கிறதே, ஒரு வாரம் ஓட்டிவிட்டு அழித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

முதல் நாள் ஓடுபாதைக்கே போய்ச் சேரவில்லை. முன்சக்கரத்தைத் திருப்ப இதில் வசதியே கிடையாது. இடப்பக்கம் போக இடது பிரேக், வலப்பக்கம் போக வலது பிரேக். வயிற்றுக்கடியில் அணுகுண்டு தொங்க இடம் வேண்டும் என்பதால் சக்கரக் கால்கள் வேறு நெட்டை. வேகமாகத் திருப்பினேன், இறக்கை தரையில் உரசியது. அன்றைய ஆட்டம் முடிந்தது.

இப்படி இன்னும் சில ‘கிடையாது’கள் இதில் உண்டு. காரணம், எடையைக் குறைக்கப் பார்த்த டக்ளஸ் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் எட் ஹைன்மன். அமெரிக்கக் கடற்படை 30,000 பவுண்டு எடை வரை போகலாம் என்றது. அவர் கிட்டத்தட்ட பாதியில் முடித்தார். 1954 ஜூனில் முதல் விமானம் பறந்தது. இறக்கைகள் முனைக்கு முனை 27 அடி 6 அங்குலம்தான். விமானம்தாங்கிக் கப்பலில் மடக்காமலே நிறுத்தலாம், மடக்கும் கீல்களின் எடை மிச்சம். சக்கரங்கள் முன்பக்கமாக மடங்குவதால், அவற்றை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு பழுதானாலும் பூட்டை விடுவித்தால் போதும். சொந்த எடையும் எதிர்காற்றும் அவற்றைக் கீழே தள்ளிவிடும். வால் சுக்கானின் அதிர்வைத் தடுக்க, தகட்டை நடுவில் வைத்து விலாக்களை வெளியே விட்டு ஒரு தற்காலிக ஏற்பாடு செய்தார்கள். 1979இல் 2,960ஆவது விமானம் வெளிவரும்வரை அது மாறவே இல்லை!

இறக்கையின் முன்விளிம்பில் ஸ்லாட்டுகள் என்ற நகரும் பட்டைகள் உண்டு, அவற்றுக்கும் மோட்டார் கிடையாது. வேகம் குறைந்தால் தானாக வெளியே வரும், கூடினால் காற்றே உள்ளே தள்ளும். படிக்க நன்றாக இருக்கிறது. திருப்பத்தில் ஒன்று முந்தி இன்னொன்று பிந்தி வந்தால்தான் தெரியும், விமானம் ஒரு உதறு உதறும். புளூ ஏஞ்சல்ஸ் சாகசக் குழு தன் ஸ்கைஹாக்குகளில் ஸ்லாட்டுகளை மூடியே பூட்டிவிட்டது. எனக்கு அந்த வசதி இல்லை.

அப்புறம் குண்டு போடுவது. நான் ஓட்டும் முறையில் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தராது. கண்ணாடியில் ஒரு ஒளிக்குறி, அவ்வளவுதான். பாயும் கோணம், வேகம், உயரம் மூன்றும் ஒரே நொடியில் சரியாக இருக்க வேண்டும். முதல் ஆறு மாதம் வயல்வெளிகளைத்தான் உழுதேன். சரி, தாழப் பறந்து பக்கத்தில் போய்ப் போடலாம் என்றால் குண்டு வெடிக்காது. அதை வெடிக்கவைக்கும் ஃபியூஸ் தயாராக நேரம் போதாது. 1982 ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினா விமானிகள் இதன் பழைய மாடல்களில் அலைகளை ஒட்டியே வந்து தாக்கினார்கள். மே 25 அன்று பிரிட்டனின் கவென்ட்ரி கப்பலை மூழ்கடித்தார்கள். ஆனால் பல கப்பல்களில் விழுந்த குண்டுகள் வெடிக்காமலே போனதற்கும் இதேதான் ஒரு முக்கியக் காரணம். முன்பு அதைப் படித்தபோது, கொஞ்சம் மேலே ஏறிப் போட்டிருக்கலாமே என்று தோன்றியது. மேலே ஏறினால் எதிரியின் ரேடார் பிடித்துவிடும் என்பது நானே ஓட்டியபோதுதான் உறைத்தது.

குறைகளும் உண்டு. இதில் உள்ள ரேடார் எதிரி விமானத்தைக் காட்டாது, கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். என் ஜாய்ஸ்டிக் இரண்டாம் வருடமே ஆட ஆரம்பித்துவிட்டது, அதற்கு விமானத்தைக் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூர் தன் ஸ்கைஹாக்குகளில் எஃப்404 எஞ்சின் பொருத்தி ஓட்டியது. அந்த மாடலையும் யாராவது செய்து கொடுத்தால் முதல் ஆளாக இறக்கிக்கொள்வேன்.

விமானம்தாங்கிக் கப்பலில் தரையிறங்குவதில் மட்டும் இன்னும் தேறவில்லை. பத்து முறை முயன்றால் ஆறு முறைதான் விமானத்தின் வால் கொக்கி, அதை நிறுத்தத் தளத்தில் கட்டியுள்ள கம்பியைப் பிடிக்கிறது.